மாற்ற முடியாது என்று சொல்லப்பட்ட பெயர்

ஆஸ்பத்திரிக்குப் போகும் முதியவர்களுக்குத் தமிழ் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அனுப்பும் செயலி அது. வேலை முடிந்து வந்த மாலைகளில் நானே எழுதினேன். முன்பு என்னோடு வேலை செய்த ஒருவர் கூட்டாளியாகச் சேர்ந்தார். அவரிடம் பதிவுசெய்த கொம்பனி இருந்ததால் அவருடைய கணக்கிலேயே செயலிக் கடையில் ஏற்றினோம். செயலியின் அடையாளப் பெயரிலும் அந்தக் கொம்பனியின் பெயர் நின்றது. போனின் திரையில் அது தெரியாது. ஆனால் கடை அந்தப் பெயரால்தான் செயலியை அறியும்.

சென்ற வசந்தத்தில் அவர் முதியவர்களின் தொலைபேசி இலக்கங்களைக் காப்புறுதி முகவர்களுக்குக் கொடுக்கலாம் என்றார். மறுத்தேன்.

"அப்பிடியெண்டா நீங்கள் விலகுங்கோ. உள்ளுக்கை கிடக்கிறது என்ரை கொம்பனிப் பேர். உதை உங்களாலை மாத்தேலாது."

"எழுதினது நான். எனக்கு மாத்தத் தெரியும்," என்று போனை வைத்தேன்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அடையாளத்தை மாற்றினால் கடை அதைப் புதிய செயலியாகவே பார்க்கும். சேர்ந்த நல்ல விமர்சனங்கள் போகும். ஒவ்வொருவரும் மறுபடி இறக்க வேண்டும். போகட்டும்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்தேன். நிரல் ஒன்றுதான், ஆனால் அன்ட்ரொயிட்டுக்கும் ஐபோனுக்கும் அடையாளம் வெவ்வேறு கோப்புகளில் எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றிலும் ஒரேயடியாகத் தேடி, சோதனைக்கு ஒரு தற்காலிகப் பெயரை மாற்றிப் போட்டேன். செயலி திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. ஒரு கோப்புறை மட்டும் பழைய பெயரிலேயே இருந்தது. திருத்தினேன். திறந்தது.

கணவர் தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தார். "உம்மடை பேரையே போடுமன்."

"வேண்டாம். பிறகு நானும் அவரைப் போலக் கதைப்பன்."

'துணை' என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் போட்டு, என் சொந்தக் கணக்கில் கடையில் ஏற்றினேன்.

கூட்டாளி சும்மா இருக்கவில்லை. பழைய செயலி வழியாக எல்லோருக்கும் ஓர் அறிவித்தல் அனுப்பினார்: புதியது போலி, நம்ப வேண்டாம். கோட்டை மாட்டிக்கொண்டு தமிழர் நிறைந்த அடுக்குமாடிப் பகுதியான சென் ஜேம்ஸ் ரவுணுக்குப் போனேன். எங்களை அதிகம் பாவித்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

ஓர் அன்ரி கதவின் சங்கிலியைக் கழற்றாமலே இடுக்களவு திறந்தார். "புதுசு போலியெண்டு வந்திருக்கே, பிள்ளை?"

"அனுப்பினது என்ரை பழைய கூட்டாளி, அன்ரி. உங்கடை நம்பரை வேறை ஆக்களுக்குக் குடுக்கப் பாத்தவர். நான் விடேல்லை."

"போன கிழமை ஸ்கானுக்கு என்னோடை வந்த பிள்ளையை ஆர் அனுப்பினது?"

"நான்தான்."

சங்கிலி கழன்றது. போனை என் கையில் வைத்தார். "பழசை முதல் அழி."

அழித்தேன். புதியதை இறக்கிக் கொடுத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்.

புதிய செயலிக்கு எல்லோரும் வரவில்லை. பாதிக்கு மேல் வந்தார்கள். மற்றவர்களின் கதவுகளை இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறேன்.