முழுக்கைக் கவசம்

விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. எட்டு கம்ப்யூட்டர்கள். வெளிநாட்டு வீடியோ கேம்களுக்குத் தேவையான உருவங்களைச் செய்து கொடுப்போம். பெட்டி, கோடாரி, குதிரைச் சேணம் என்று இரண்டு வருடம் செய்த பிறகு, 2010 வாக்கில், முதல்முறையாக எனக்கு ஒரு மனித உருவத்தைக் கொடுத்தார்கள். ராட்சதர்களோடு போரிடும் பெண் தளபதி.

மாதிரிக்கு வந்த படத்தில், ஆண் வீரனுக்குக் கழுத்திலிருந்து கணுக்கால் வரை இரும்பு. தளபதிக்கோ மார்பில் இரண்டு கிண்ணங்கள், இடுப்பில் ஒரு பட்டை, முழங்காலுக்கு மேல் ஏறிய பூட்ஸ், அவ்வளவுதான். எனக்கு அது தவறாகவே படவில்லை. உலோகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அந்த வாரம் அம்மா கண்ணாடி வாங்க விழுப்புரம் வந்தாள். மயிலம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது; கரும்பும், நாங்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையும் விளையும் ஊர். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராக ஆபீசுக்கே ஏறி வந்துவிட்டாள். என் திரையைப் பார்த்தாள்.

“இன்னாடி இது, குளிக்கப் போவுதா?”

“சண்டைக்கும்மா. தளபதி.”

“கரும்புல காஞ்ச சோகை உரிக்கப் போறதுக்கே நாங்க முழுக்கை சட்டை போட்டுக்கினு போறோம். இது கத்தி சண்டைக்கு இப்படியா போவுது? வயித்துல ஒரு குத்து வுட்டா?”

ஆபீசே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. அம்மா கூலி வேலைக்குப் போகிறவள் என்று அங்கே யாரிடமும் நான் சொன்னதில்லை. “பஸ்ஸு போயிடும், ஜல்தி கிளம்பு” என்று கீழே அழைத்துப் போய் அனுப்பி வைத்தேன். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு கரும்புக் காட்டுக்குப் போனேன். புடவைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, கழுத்து வரை பட்டன். தலையில் துண்டு. கைகளில், பாதத்தை வெட்டிய காலுறைகள் முழங்கை வரை. இத்தனைக்கும் மேல் கரும்பு இலை அவள் கன்னத்தில் கோடு போட்டிருந்தது. கையைத் தூக்கியபோது சட்டையின் அக்குளில் வேறு நிறத் துணி தெரிந்தது.

“இது எதுக்கும்மா?”

“ஆம்பள சட்டை இல்ல? கையத் தூக்கினா மாருல இழுக்குது. அதான் ஒட்டுத்துணி வெச்சி தச்சிக்கினேன்.”

செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். அடுத்த நான்கு நாட்கள், கொடுத்த வேலைக்கு இடையே இன்னொரு கவசம் செய்தேன். உயர்ந்த கழுத்துப்பட்டி, மூடிய வயிறு, முன்கைக்கு உறை, அக்குளில் மட்டும் இரும்புக்குப் பதிலாகத் தோல். எங்கள் மேலாளர் வெகுநேரம் பார்த்தார்.

“நல்லாருக்கு. ஆனா அவங்க கேட்டது இது இல்லியேம்மா. எங்கேருந்து புடிச்ச?”

“எங்கம்மா சட்டை சார். கரும்புக் காட்டுல கூலிக்குப் போறாங்க.”

சொல்லிவிட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார். மேலாளர் இரண்டையும் கேம் கம்பெனிக்கு அனுப்பினார்.

மூன்று வரியில் பதில் வந்தது. தளபதி முதலில் கேட்டபடியே இருக்கட்டும். இரண்டாவதைக் கோட்டையின் காவல் பெண்களுக்கு வைத்துக்கொள்கிறோம். வருத்தமாகத்தான் இருந்தது. அந்தக் கிண்ணங்களையும் நான்தான் பளபளப்பாக்கி முடித்துக் கொடுத்தேன்.

கேம் வெளிவந்ததும் அதன் வீடியோவை வீட்டில் அம்மாவுக்குக் காட்டினேன். கோட்டை வாசலில் வரிசையாகப் பெண்கள், ஈட்டியோடு. அம்மா கிட்டே வந்து பார்த்தாள்.

“இவங்க இன்னா, நின்னுக்கினே இருக்காங்க?”

“காவல்மா. அதான் அவங்க வேலை.”

“உக்காரவே மாட்டாங்களா?”

மாட்டார்கள் என்றேன். “பாவம்” என்று சொல்லிவிட்டு, வாசலில் காய்ந்த மல்லாட்டையை அள்ளப் போனாள்.