கொடுவாவின் வயிற்றில் என்ன இருந்தது?

யுத்தம் முடிந்து, ஒலுவில் துறைமுகத்துக் கல்லணையில் ஆட்கள் பயமில்லாமல் தூண்டில் போடத் தொடங்கியிருந்த ஒரு மாரி காலம். வாடைக் காற்றில் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. கல்முனைச் சந்தையில் மீனுக்குப் பஞ்சம். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பஞ்சம் தெரியவில்லை. சுனாமிக்குப் பிறகு எங்கள் அடுப்பில் கடல் மீன் ஏறியதே இல்லை.

சுனாமி வந்த புதிதில் ஊரே கடல் மீனை ஒதுக்கித்தான் வைத்திருந்தது. சில மாதங்களில் எல்லாரும் பழையபடி தின்னத் தொடங்கினார்கள். என் மனைவி தொடங்கவில்லை. அவளுடைய தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. அந்த மீன்கள் எதைத் தின்றனவோ என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு, கரைக்கு உள்ளே கிடக்கும் களப்பு நீரில் பிடித்த மீனும் குளத்து மீனும்தான்.

நானோ வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்த தூண்டிலோடு கல்லணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவள் தடுக்கவில்லை. கடல் மீன் வீட்டுக்குள் வரக்கூடாது என்ற சட்டத்தை என்னைப்போல் ஒழுங்காகக் காப்பாற்றியவர் யாருமில்லை. எனக்கு மீன் பட்டதே கிடையாது. அந்த மாரி முழுக்க நான் பிடித்தவை ஒரு றப்பர் செருப்பும் மூக்கொழுகும் தடிமனும்தான்.

அன்று மழை விட்டிருந்த நேரம், நைலோன் நரம்பு விறைத்தது. தூண்டில் வளைந்தது. பாசி பிடித்த கல்லில் கால் வழுக்க, மீன் என்னைப் பிடித்துக்கொண்டு போகப் பார்த்தது. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த காரைதீவுக்காரர் ஒருவர் பின்னாலிருந்து என் சாரனை எட்டிப் பிடித்தார். சாரன் அவர் கையோடு கழன்றது.

"நானா, சாரனா மீனா? ஒண்டச் சொல்லுங்க."

மீன் என்றேன். உள்ளே நான் போட்டிருந்த பூப்போட்ட காற்சட்டையைக் கல்லணை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சாரனை விட்டு என் இடுப்பைக் கட்டிப்பிடித்தார். இருவருமாக இழுத்துப் போட்டோம். கை நீளக் கொடுவா.

சாரனை உடுத்த பிறகுதான் வீட்டு நினைவு வந்தது. வீட்டுச் சட்டத்தை அவரிடமே சொன்னேன். கொஞ்சம் யோசித்தார். மழைக்குக் களப்பின் முகத்துவாரம் உடைந்து கடலோடு சேர்ந்திருக்கிறது, கொடுவா களப்பிலிருந்து கடலுக்கும் வரும் போகும், இது எந்தப் பக்கத்து மீன் என்று யாராலும் சொல்ல ஏலாது என்றார். களப்பு மீன் என்று சொல்லிக் கொடுங்க, பொய்யும் இல்லை என்றார்.

வழி நெடுக மோட்டார் சைக்கிளில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். பொய்யைக் கதையாக்குவதில் நான் மோசமில்லை. ஆனால் வாசலில் அவள் மீனைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க புடிச்சீங்க?"

"ஒலுவில் கல்லில. கடல் மீனா, களப்பு மீனா எண்டு அதுக்கிட்டத்தான் கேக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. மீனை யாருக்காவது கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். உள்ளே போய்க் கத்தியோடு வந்தாள். செதில்கூடச் சுரண்டவில்லை. நேராக வயிற்றைக் கீறி, குடலை எடுத்துத் தட்டில் வைத்துப் பிரித்தாள். வெளிச்சம் படும்படி தட்டை வாசல் பக்கம் திருப்பினாள். பாதி கரைந்த இரண்டு இறால்கள். அவ்வளவுதான். விரலால் அவற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நானும் குந்தியிருந்து பார்த்தேன்.

"இறால்தான் திண்டிருக்கு" என்றாள் மெதுவாக. பிறகு, "தேங்காயத் துருவித் தாங்க."

அன்று அவள் மூன்று துண்டு சாப்பிட்டாள். என் முகத்தை அவள் பார்க்காதிருக்க, நான் முள்ளோடு மல்லுக்கட்டுவதுபோல் குனிந்தே இருந்தேன்.

இப்போதும் சந்தையில் மீனை வெட்டித் தரட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று முழுசாகவே கொண்டுவருகிறேன். மீனிடம் அவள் கேட்க வேண்டியதை அவளே திறந்து கேட்கட்டும், பக்கத்தில் குந்தியிருப்பது மட்டும்தான் என் வேலை என்று அந்தக் கொடுவாதான் எனக்குச் சொல்லித் தந்தது.