மிதித்தது தெரியவில்லை

நான் கால் முன்னே வரப் பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் முதுகுப் பிடிப்பு விட்டுவிடும் என்பது தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்களின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடைக்குப் போகிறவர்கள்கூட வழியில் எங்கள் வீட்டில் குப்புறப் படுத்து எழுந்து போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என்னிடம் அதிகம் மிதி வாங்கியவர் என் வீட்டுக்காரர்தான். கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் எப்போது விடுவார்கள் என்று எண்ணூர் சாலையில் வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போய்விட்டது. மிதித்து முடித்ததும், "இப்பதான் உசுரு வந்துச்சு" என்பார். எங்கள் கொஞ்சல் அவ்வளவுதான்.

போன கோடையில் வலி காலுக்கும் இறங்கியது. ஒரு நாள் காலையில் பாயில் குப்புறப் படுத்தார். இடுப்புக்குக் கீழே குதிகாலை வைத்து அழுத்தினேன்.

"இன்னாமே, வேடிக்க பாத்துகினு கீற? மிதி."

"மிதிச்சுகினுதான்யா கீறேன்."

"வெளாடாதமே. கால் வச்ச மாதிரியே இல்ல."

கிண்டல் என்று நினைத்து, பின்பக்கம் நறுக்கென்று கிள்ளினேன். அசையவில்லை. கிள்ளினால் வண்டை வண்டையாகத் திட்டுகிற மனுஷர். ராத்திரியெல்லாம் அவர் பாத்ரூமுக்குப் போய்ப் போய் வந்தது அப்போதுதான் உறைத்தது.

"ஒண்ணுக்குப் போனியா?"

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து வரல. வண்டி சூடு. வெந்தயம் முழுங்கிகீறேன், சரியாப் பூடும்."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் என்னிடம் சொல்ல வெட்கம். அந்த வெட்கம்தான் எனக்கு அவரிடம் பிடித்ததே. அன்றைக்கு மட்டும் அறையத் தோன்றியது.

"வலிச்சா மிதிப்பேன். கால் பட்டதே தெரிலன்னா அது என் வேல இல்லய்யா. எந்திரி."

எழுந்தவருக்கு ஒரு கால் துவண்டது. தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா காலைத் தூக்கச் சொன்னார், குண்டூசியால் குத்திப் பார்த்தார்.

"முதுகுவலி நிறைய பேருக்குத் தானா சரியாயிடும்மா. ஆனா அதோட சிறுநீர் அடைச்சாலோ, உட்கார்ற இடம் மரத்துப்போனாலோ, கால்ல பலம் குறைஞ்சாலோ உடனே வந்துடணும். உள்ள நரம்பு நசுங்குது. நாளைக்குப் பாத்துக்கலாம்னு இருந்தா, அப்புறம் கடைசிவரைக்கும் டியூப்தான்."

அன்றே ஆபரேஷன் நடந்தது. காலில் மெல்ல பலம் வந்தது. சிறுநீர் மட்டும் தானாக வருமா என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. சிறுநீர் போக வைத்திருந்த டியூப்பை எடுத்த அன்று மத்தியானம்வரை ஒரு சொட்டு வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

சாப்பாட்டு வண்டி போன பிறகு மறுபடி பாத்ரூமுக்குப் போனார். சுவரைப் பிடித்தபடி வெளியே வந்து, வார்டு முழுக்கக் கேட்கும்படி, "வந்துட்ச்சுமே" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஏதோ கெட்ட சேதி என்று பயந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுக்குப் போய்ட்டாருக்கா" என்றேன்.