ஷட்டருக்கு ஒட்டிய தெர்மாகோல்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கார் நின்று நான் பார்த்ததில்லை. பட்டு வியாபாரம் ஓஹோவென்று நடந்த காலத்தில் அப்பா பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி, கூடத்தை ஒட்டித் தெருவைப் பார்த்தபடி ஷெட் கட்டி, இரும்பு ஷட்டரும் போட்டாராம். காரைப் பின்பக்கமாக உள்ளே விடுகிறேன் என்று ஷட்டரில் இடித்து ஓரிடத்தில் தகட்டை நெளித்தும் வைத்தார். எனக்கு நினைவு தெரிவதற்குள் கார் கைமாறிப் போயிருந்தது. நெளிசல் மட்டும் அப்படியே இருந்தது.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது அந்த ஷெட்டில் அத்தை குடிவந்தாள்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. தேசூரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியான பஸ்ஸில் ஒரு சூட்கேஸோடு வந்து இறங்கினாள். அம்மா அவளை உள்ளே கூட்டிப்போய் முழங்கையில் மருந்து போட்டுவிட்டதைப் பார்த்தேன். பஸ்ஸில் இடித்துக்கொண்டதாக எங்களுக்குச் சொல்லப்பட்டது. வீட்டில் வேறு அறை இல்லாததால், ஷெட்டில் கிடந்த அட்டைப்பெட்டிகளை ஒதுக்கிக் கட்டில் போட்டு, ஒரு டேபிள் ஃபேனையும் வைத்துக் கொடுத்தார்கள்.

ஷட்டர் மேற்குப் பார்த்தது. ஆரணி வெயில் மத்தியானத்துக்கு மேல் நேராக அதில்தான் விழும். தொட்டால் கை சுடும். "இதுல மாவு ஊத்தினா தோசையே வெந்துடும்" என்று அத்தை சிரிப்பாள். ஃபேன் இரவும் பகலும் ஓடி அனல்காற்றையே திருப்பித் திருப்பி வீசியது. சாயங்காலம் ஆனதும் ஷட்டரைப் பாதிவரை தூக்கிவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வயர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். புதுப்புடவைகளுக்கு முந்தானைக் குஞ்சம் போடுவதில் அவள் கை அவ்வளவு நறுவிசு. தெருப் பெண்கள் புடவையோடு வந்து வாசலிலேயே உட்கார்ந்து பேசுவார்கள். அத்தை சிரிக்கிற சத்தம் கோடிவீடு வரை கேட்கும். தேசூரிலிருந்து வந்தவள் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் தெருக்காரி ஆகிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. கல்யாணப் புடவை எடுக்க வீட்டுக்கு வருகிறவர்கள் உள்ளே நுழையும்போதே, "உங்க தங்கச்சியா? வந்து ரொம்ப நாளாச்சோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். அப்பா புடவையை உதறி விரிப்பார். அவர்கள் போனபிறகு ஃபேனைப் பற்றிக் கத்துவார். "மீட்டர் இன்னா ஓட்டம் ஓடிகினு இருக்குது பாரு! ராவும் பகலும் ஃபேனு!"

சித்தப்பா பாலிடெக்னிக் படித்தவர். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கும்வரை வீட்டையே தன் பட்டறையாக வைத்திருந்தார். ஏதோ பத்திரிகையில், வெளிநாட்டில் கார் ஷெட் கதவுக்குத் தெர்மாகோல் ஒட்டி வெயிலைத் தடுத்துக் கரண்டை மிச்சம் பிடிக்கிறார்கள் என்று படித்துவிட்டார். அன்று முழுக்க அதே பேச்சு.

"அண்ணா, வெயிலு உள்ள வந்தாத்தானே ஃபேனு ஓடணும்? ஷட்டருக்கு உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டிடலாம். ரூம் ஜில்லுனு ஆயிடும். கரண்டு பில்லு பாதியாயிடும்."

அப்பா நிமிரக்கூட இல்லை. "அவ இன்னா இங்கியே இருக்கப் போறாளா? வேற வேலையப் பாரு."

சித்தப்பா விடவில்லை. சூடு எப்படிப் பரவுகிறது என்று சாப்பாட்டுத் தட்டை வைத்து விளக்கினார். அப்பா கொட்டாவி விட்டார். கடைசியில் சித்தப்பா, நேர்மையாக இருக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, தன் திட்டத்தில் இருந்த குறையையும் தானே சொன்னார்.

"ஒரு பேஜாரு இருக்குதுண்ணா. ஒட்டிட்டா அப்பறம் ஷட்டர சுருட்ட முடியாது."

அப்பா தலையைத் தூக்கினார். "சுருட்டவே முடியாதா?"

"முடியாது. மூடினது மூடினதுதான்."

அப்பா ஷட்டர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி, ஒட்டு" என்றார். மறுநாள் பஜாருக்குப் போய்த் தெர்மாகோல் அட்டைகளை அவரே ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கரண்டு மிச்சமாவதில் அவருக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் திருவிழாதான். சித்தப்பா அளந்து அறுக்க, தெர்மாகோல் மணிகள் பறந்து எல்லார் தலையிலும் ஒட்டிக்கொண்டன. அத்தையும் உற்சாகமாக அட்டைகளைப் பிடித்துக் கொடுத்தாள். தனக்காகத் தம்பி இவ்வளவு பாடுபடுகிறான் என்ற சந்தோஷம் அவள் முகத்தில் தெரிந்தது. கடைசி அட்டையை ஒட்டும்போதுதான் கேட்டாள்.

"ஏன்டா, சாயங்காலம் இத எப்டி தூக்கறது?"

சித்தப்பா பசை டப்பாவைப் பார்த்தபடி சொன்னார். "தூக்க வேணாங்க்கா. கூடத்துப் பக்கம் கதவு இருக்குதே."

"தூக்கினா காத்து வருது, ஃபேனே போடறதில்லையேடா."

"பகல்ல போடறதில்ல? அதுதான் கணக்கு."

அத்தை கையிலிருந்த அட்டையை நீட்டினாள்.

வெயில் நின்றது உண்மை. மத்தியானத்தில் அந்த அறைக்குள் போனால் மரத்தடிக்குப் போனதுபோல இருக்கும். சித்தப்பா விருந்தாளிகளைக் கூட்டிப்போய் ஷட்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஃபேன் பாதி நேரம் சும்மா இருந்தது. ஆனால் ஷட்டர் இடுக்குகளை விட்டால் வெளிச்சம் வர அந்த அறைக்கு வேறு வழி இல்லை, அவையும் அடைபட்டுவிட்டன. காலையில் போட்ட டியூப்லைட்டை அத்தை தூங்கும்போதுதான் அணைத்தாள். சாயங்காலம் காற்று இல்லாததால் அப்போது ஃபேன் ஓடியது. கரண்டு பில் வந்தபோது பெரிதாக ஒன்றும் குறைந்திருக்கவில்லை. சித்தப்பா துவண்டுபோனார். அப்பா மட்டும், "பரவால்ல விடுடா" என்று அவர் தோளைத் தட்டினார். கரண்டு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா கத்தாததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தெருப் பெண்கள் கொஞ்ச நாள் வந்து ஷட்டரைத் தட்டிப் பார்த்தார்கள். தெர்மாகோல் சத்தத்தையும் விழுங்கிவிட்டது போலிருக்கிறது, அத்தைக்கு அது கேட்கவில்லை. கூடத்து வழியாக வரலாமென்றால் அங்கே அப்பா ஜமக்காளத்தை விரித்து யாருக்காவது புடவை காட்டிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் அத்தை கூடத்துக்கு வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவளாகத்தான் வராமல் இருந்தாள். குஞ்சம் போடப் புடவைகள் வருவது நின்றுபோனது.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப்பார்த்தபோது, அத்தை ஷட்டர் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்து, கொண்டையூசியால் தெர்மாகோலைக் குடைந்துகொண்டிருந்தாள். தகடு நெளிந்த இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு. அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள். எனக்குப் பதறிவிட்டது.

"அத்தை, ஓட்டை போட்டா வெயிலு உள்ள வரும்!"

"வரட்டும்டி" என்றாள், கண்ணை எடுக்காமலே.

மழைக்காலம் தொடங்குவதற்குள் அத்தை தானே அப்பாவிடம், "என்னத் தேசூர்ல கொண்டு வுட்டுடுண்ணா" என்று கேட்டாள். அப்பா முகத்தில் அப்படியொரு நிம்மதி. தங்கைக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அவளைக் கைநீட்டி அடித்ததில்லை, போ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அத்தை சண்டையாவது போட்டிருப்பாள். அதன்பிறகு எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு வந்தாளே தவிர, ஓர் இரவும் தங்கவில்லை. அவள் சிரித்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக்கூடக் கேட்காது. தேசூரில் அவள் எப்படி இருந்தாள் என்று பல வருடங்கள் கழித்து அப்பா அம்மாவிடம் கேட்டார். அப்போது கேட்டு என்ன பயன்?

அவள் திரும்பிப் போன அன்று பஸ் ஏற்ற நானும் போயிருந்தேன். அப்பா சூட்கேஸைத் தானே தூக்கிவந்து, பூவும் பழமும் வாங்கிக் கொடுத்து, முன்சீட்டுப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, கீழே நின்ற கண்டக்டரிடம் இருவருக்கும் டிக்கெட் எடுக்க இறங்கினார். அத்தை ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னப் பாக்க தேசூருக்கு வர்றியாடி?"

"நீயே லீவுக்கு வந்துடு அத்தை. உன் ரூம் எப்டி ஜில்லுனு இருக்குது!"

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஆமா. உங்க சித்தப்பா நல்லாத்தான் பண்ணிக் குடுத்தான்" என்றாள்.

அந்தப் பாராட்டைச் சித்தப்பாவிடம் சொல்லவேண்டும் என்று பஸ் கிளம்பியதும் வீட்டுக்கு ஓடினேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தை சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றைக்கு அம்மா வைத்த குழம்பு அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.