இவர் ஒட்டினால் விடாது

என் கணவர் சோபாவுக்கும் மெத்தைக்கும் ஃபோம் ஒட்டுகிறவர். தெருவில் எல்லோருக்கும் பசைக்காரர், எனக்கு இவர். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் "ம்" என்பார். எந்தப் பசை நல்லது என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு.

வெள்ளைப் பசை மரத்துக்குத்தான் லாயக்காம். இரண்டு ஃபோமுக்கு நடுவில் காற்றுப் போகாததால் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்குமாம். துப்பாக்கியில் உருக்கி விடுகிற பசை ஆறியதும் கட்டிதட்டி, உட்காருகிறவரைக் குத்துமாம். மஞ்சள் டப்பாப் பசை மெத்தை ஃபோமுக்குத் தங்கமாம், ஆனால் தெர்மோகோலைத் தின்றுவிடுமாம். இந்தக் கடைசி விஷயத்தை நானே கண்ணால் பார்த்தேன். இவர் தொழிலுக்கு வந்த புதிதில், என் தம்பி மகள் பள்ளிக்கூடத்துக்காகச் செய்த தெர்மோகோல் எரிமலையை ஒட்டித் தருகிறேன் என்று வாங்கிப் போனார். காலையில் ஒரு பள்ளத்தாக்கைக் கொண்டுவந்து நீட்டினார். குழந்தை அழுத அழுகைக்கு நடுவில் இவர் சொன்னது இதுதான்: "பசை அது வேலைய ஒழுங்காத்தான் செஞ்சிருக்கு."

ஒட்டிக் கொடுத்த சோபா திரும்பி வந்தால் வெயில் காரணம், இல்லை மழை காரணம், இல்லை உட்கார்ந்தவர் எடை காரணம். ஒருமுறை பூனை காரணம். பசை மட்டும் தப்புப் பண்ணியதாகச் சரித்திரமே கிடையாது. என்னைவிட அந்த டப்பாதான் உங்களுக்கு உசத்தி என்று நான் போடாத சண்டை இல்லை.

எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. பின்பக்கம் இவர் டப்பாவைத் திறந்தால் முன்பக்கம் வீட்டின் சொந்தக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நிற்பார். அப்படி வீடு வீடாகப் பெட்டி தூக்கி அலைந்த பிறகு இந்த ஹவுஸ் ஓனர் கிடைத்தார். மாடியில் இருக்கிறார். ஏதோ பழைய ஜலதோஷத்தில் அவருக்கு வாசனை தெரிகிற சக்தியே போய்விட்டது. அந்த மூக்கு நீடூழி வாழட்டும் என்று நான் மனதார வாழ்த்தாத நாளில்லை.

மூக்கில் போனது எல்லாம் காதில் வந்து சேர்ந்திருக்கும் போல. ஒருநாள் படியிறங்கி வந்து, என் குறட்டையில் அவர் கட்டில் ஆடுகிறது என்றார். நான் குறட்டை விடுவதில்லை. மூச்சைக் கொஞ்சம் ஆழமாக விடுவேன், அவ்வளவுதான்.

"மாசக் கடைசிக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க" என்றார்.

"அது தண்ணி மோட்டாரா இருக்கும் சார்" என்றார் இவர். அவர் நம்பவில்லை.

மூக்கு வேலை செய்யாத இன்னொரு ஹவுஸ் ஓனரை எங்கே போய்த் தேடுவது? இவர் மட்டும் அண்ணாந்து படுக்கையறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல முழுக்க ஃபோம் ஒட்டிட்டா சத்தம் பாதி அடங்கிடும்" என்றார். முகத்தில் கல்யாணக் களை.

அதிலிருந்து வீடு வீடாக இல்லை. துண்டு துண்டாக ஃபோமை ஒட்டி, காயவைத்து, பிய்த்துப் பார்ப்பார். இவர் கணக்கில் ஃபோம் கிழிய வேண்டும், ஒட்டு பிரியக் கூடாது. பால் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை. "சும்மா இழுங்க, நல்லா இழுங்க" என்று ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். கடைசியில் மஞ்சள் டப்பாவே ஜெயித்தது. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை விட்டு, அப்புறம் ஒரே அழுத்து.

ஒட்டும் முன் கூரையைச் சுரண்ட வேண்டும் என்று மாடிக்குப் போய் அனுமதி கேட்டார். ஹவுஸ் ஓனர் துள்ளிக் குதித்தார். ஆள் வைக்காமல் அவரே ஏணி போட்டு அடித்த பெயிண்ட் அது. "என் பெயிண்டுல ஒரு கீறல் விழக் கூடாது" என்றார். இவர் முணுமுணுத்துக்கொண்டே பெயிண்ட் மேலேயே ஒட்டினார்.

மறுநாள் மத்தியானம் ஹவுஸ் ஓனர் பார்வையிட வந்தார். அறை நடுவில் நின்று, இடுப்பில் கைவைத்து அண்ணாந்து பார்த்தார். மேலே ஈரப் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அடுத்த நொடி கட்டில் அளவு ஃபோம் ஒன்று அப்படியே இறங்கி அவர்மேல் போர்த்திக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரு தும்மல் கேட்டது. இவர் ஓடிப்போய்த் தூக்கினார். மனிதர் தலை முதல் மீசை வரை வெள்ளை வெளேரென்று இருந்தார்.

ஃபோமின் பின்பக்கத்தைப் பார்த்தேன். எனக்கே புரிந்தது. பசை துளிகூட விடவில்லை. ஹவுஸ் ஓனரின் பெயிண்ட்தான் அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். முகம் சிவந்தது, அதாவது வெள்ளைக்கு அடியில். "என்ன சொல்ல வர்றீங்க? என் பெயிண்ட் சரியில்லையா?"

போச்சு, பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். பசைக்காக வெயிலையும் பூனையையும் பழி சொன்ன மனிதர், ஒரு பெயிண்டையா விட்டுவைப்பார்? இவர் வாயைத் திறந்தார். மூடினார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல சார். என் பசைதான் சரியில்ல" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஹவுஸ் ஓனர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தப் பசையை எதற்குப் போட வேண்டும் என்று இவருக்கே பாடம் எடுத்தார். ஃபோமுக்கு வெள்ளைப் பசைதான் நல்லதாம். இவர் கைகட்டி நின்று, "சரிங்க சார், சரிங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். பாடம் எடுத்த சந்தோஷத்தில் அவருக்கு மனசு இளகிவிட்டது. "உங்க பசைக்கு வலு பத்தாது. வேணும்னா சுரண்டிட்டே ஒட்டிக்கோங்க, இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு மீசையைத் தட்டிக்கொண்டே மாடியேறினார்.

கதவைச் சாத்தினேன். இவர் தரையில் உட்கார்ந்து அந்த ஃபோமின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாரேன், ஒரு இடத்துலகூட விடல."

"எனக்குத் தெரியுங்க" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் தடவினேன்.

"நான் அப்படிச் சொன்னத யார்கிட்டயும் சொல்லிடாதம்மா" என்றார்.

அன்றிலிருந்து ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.