கழுவாத பாபத்

உறைந்த பொதி உருகத் தொடங்கியதும் அந்த வாடை எழுந்தது. அழுகலும் இல்லை, சாணமும் இல்லை. மழைக்குப் பிந்திய வயலை யாரோ மென்று துப்பியது போல. மெல்பேர்னில் தம்பி வீட்டுக் குசினி. நாய்க்கு அவன் பச்சை இறைச்சிதான் கொடுக்கிறான். அதோடு கழுவாத மாட்டிரைப்பையும் சேர்ப்பதா என்று அவனுக்கும் மனைவிக்கும் ஒரே தர்க்கம்.

"ராத்தா, நீங்க சொல்லுங்க. போடவா, வேணாமா?" என்று அக்காவான என்னைக் கேட்டான்.

நான் யன்னலைத் திறக்கப் போனேன். இதே தர்க்கம் எங்கள் கல்முனை வீட்டில் நடந்தபோது அவன் பிறந்திருக்கவில்லை.

உம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாணம் முடிக்காதவர், எங்களோடு இருந்தார். வயல் வாடிக் குடிசையில் யானைக்கும் பன்றிக்கும் குரைத்துக் கிடந்த நாயை, மயிர் கொட்டி எலும்பு தெரிந்த பிறகு கொண்டுவந்து வளவின் கடைசித் தென்னையில் கட்டினார். வயலுக்கு நாய் ஆகும், வீட்டுக்கு ஆகாது. எங்கள் மார்க்கத்தில் அதன் எச்சில் பட்டதை ஏழு தரம் கழுவ வேண்டும், ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். உம்மா உடைந்த சட்டியொன்றை அதற்கென்று ஒதுக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சோற்றை நாய் மோந்து பார்த்துப் படுத்துவிட்டது. மாமா இறைச்சிக் கடையிலிருந்து பாபத் கொண்டுவந்தார்: மாட்டின் இரைப்பை, அரைபட்ட புல் ஒட்டிய பச்சையோடு.

"சுண்ணாம்பு போட்டுக் கழுவி அவிச்சுக் குடுடா. ஊரே நாறுது" என்றார் உம்மா.

"கழுவினா அது வெறும் துவாய்த் துண்டுதான் ராத்தா. சத்து அந்தப் பச்சையிலதான் கிடக்கு."

"இவனுக்குப் பொண்ணு பாக்க முதல் மூக்கை டொக்டரிட்டக் கொண்டு காட்டணும்" என்றார் வாப்பா.

உம்மா கழுவி அவித்தது வெள்ளையாகக் கிடந்தது, நாய் தொடவில்லை. மாமா போட்ட பச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றது. தள்ளி நின்று பார்ப்பது என் வேலை. நோன்பு வருமுன் அதன் முதுகில் புது மயிர் மினுங்கியது. மாமா வென்றுவிட்டார் என்று நான் துள்ளினேன்.

பிறகு பாலமுனையிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போய் இருப்பது. அன்று பார்த்துக் காற்று வளவின் பின்பக்கத்திலிருந்து அடித்தது. பெண்ணின் வாப்பா வட்டிலப்பத்தைத் தொடாமல் பீங்கானைத் தள்ளி வைத்தார்.

"வீடும் தாறம், வயலும் தாறம். நாய் பிடிச்ச கை மட்டும் எங்கட வாசலுக்கு வரப்படாது."

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை கிணற்றடியில் மாமா கை கழுவினார். மண் போட்டு, ஏழு தரம். தென்னையடியில் நாய் கயிறு இறுக இறுக வாலாட்டியது. அவர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. மாப்பிள்ளை சுத்தமாகத்தானே போக வேண்டும்? வாளியைக்கூட நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு உம்மா தன்னால் இயன்றதைச் செய்தார். கழுவினார், அவித்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு சட்டியில் போட்டார். நாய் சட்டியைப் பார்க்காமல் வாசல் கடப்பைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. மாரி தொடங்குமுன் வாப்பா அந்தத் தென்னையடியிலேயே குழி தோண்டினார். பாலமுனை ஒன்றும் தூரமில்லை. சைக்கிளில் வந்து போகலாம். மாமா பெருநாளுக்குத்தான் வந்தார், அத்தர் பூசி, கதிரை நுனியில் விருந்தாளியாக. தென்னைப் பக்கம் கண் போகாமல் தேத்தண்ணி குடித்தார். நாயைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

தம்பி இன்னும் பொதியோடு நிற்கிறான். அவனுக்குச் சொல்ல என்னிடம் இருப்பதெல்லாம், மாப்பிள்ளை வேன் புறப்படும்போது நான் ஓடிப்போய் யன்னலைப் பிடித்துக்கொண்டு வாங்கிய பதில்தான்.

"இனி ஆரு மாமா பாபத் கொண்டுவாற?"

மாமா கைலேஞ்சியால் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஈரமே இல்லாத விரல்களை. அவர் சொன்னதை நான் நல்ல செய்தி என்றே நினைத்தேன். மறந்துவிடாமலிருக்க வாய்க்குள் சொல்லிச் சொல்லி உம்மாவிடம் ஓடினேன்.

"உம்மாட்டச் சொல்லு புள்ள, கழுவியே குடுக்கட்டும். நாய்தானே, பழகிரும்."