இணைச்சீருக்கு விட்ட பக்கம்

லென்ஸ் மாற்றும் கேமரா ஒன்றை வாங்கி, அதைச் செல்போனோடு இணைக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கேமரா அங்கே முக்காலியில் நிற்கும். நான் இங்கே நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தொட்டால் படம் விழும். இந்தப் பீற்றலோடுதான் எடப்பாடியில் சித்தப்பா மகன் கல்யாணத்துக்குப் போனேன்.

அவனுடைய அக்கா, எனக்குத் தங்கை முறை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அண்ணா, இணைச்சீரு படம் மட்டும் நல்லா எடுத்துக் குடுங்க. ஊட்டுல மாட்டோணும்."

எங்கள் பக்கம் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கென்றே உள்ள சீர் அது. கூறைப்புடவைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பிக்கு இணையாக நிற்பாள். அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்தவள் அவள்தான்.

இருப்பதிலேயே பெரிய லென்ஸை மாட்டினேன். கல்யாணத்துக்கு அமர்த்தியிருந்த போட்டோக்காரரை, "நீங்க கொஞ்சம் அந்தப்பக்கம் போங்க" என்று நகர்த்தினேன். மாப்பிள்ளையின் அண்ணன் சொன்னால் பாவம், அவர் என்ன செய்வார்? சீர் தொடங்கியதும் என் போன் அடித்தது. பந்தியில் இடம் பிடித்துவிட்டதைச் சொல்ல மாமா கூப்பிட்டிருந்தார். வெட்டிவிட்டுப் பார்த்தால் திரையில் படம் அசையவில்லை. கேமராவோடு தொடர்பு அறுந்திருந்தது.

நாலு எட்டு வைத்துப் போய்க் கேமராவிலேயே அமுக்கியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் பத்துப் பேர் என் போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போக வீம்பு விடவில்லை. அசையாத திரையைத் தொட்டுத் தொட்டு, எடுப்பதுபோல் நடித்தேன்.

மேடையை விட்டு இறங்கியவள் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"ஏனுங்ணா, நல்லா வந்துச்சுங்களா?"

"சூப்பரா வந்திருக்குது சாமி" என்றேன்.

கேமராவில் இருந்ததெல்லாம் சீருக்கு முந்தைய வெறும் மேடைதான். ஓரமாகப் போன போட்டோக்காரரின் படங்களில் அவள் முதுகுதான் தெரிகிறது. அவள் கேட்கும்போதெல்லாம், கம்ப்யூட்டரில் சரிசெய்துகொண்டிருக்கிறேன் என்று புளுகினேன்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது, வந்திருந்தவர்களுக்குக் கல்யாண ஆல்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. யாரோ ஏன் என்று கேட்டார்கள். அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"இணைச்சீருக்கு உட்டு வெச்சிருக்கறனுங்க. அந்தப் படம் எங்கண்ணன் எடுத்தது."